எந்தப் பக்கம்?

வியாழக்கிழமைதோறும் விடிந்தும் விடியாமலும் எங்கள் தெருவுக்குக் குப்பை லாரி வரும். அந்த லாரிக்கு ஓர் இரும்புக் கை உண்டு. வாசலில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தொட்டியைப் பிடித்துத் தூக்கி, தன் முதுகில் கவிழ்த்துவிட்டுத் திரும்பக் கீழே வைக்கும். சில வாரம் பிடி நழுவித் தொட்டி அப்படியே உள்ளே விழுந்துவிடும். டமார் என்று ஒரு சத்தம். எந்தத் தூக்கத்தில் இருந்தாலும் நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன். லுங்கியோடும் வெறுங்காலோடும் நடுத்தெருவில் நின்று வானத்தை நாலு பக்கமும் பார்ப்பேன். எதிர்வீட்டு கிரஹாம் ரிட்டயர் ஆனவர், அந்த நேரத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். முதல் தடவை என்னைப் பார்த்தபோது தானும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஃபைன் டே" என்றார். நானும் "யெஸ், ஃபைன் டே" என்றேன். இப்போது மழை வருமா, துணி காயப்போடலாமா என்று என்னிடம்தான் கேட்கிறார். வானிலை பார்ப்பதில் கெட்டிக்காரன் என்று தெருவில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. நான் தேடுவது மேகத்தை அல்ல, புகையை என்று அவருக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது?

நான் பிறந்தது எம். புதுப்பட்டி. சிவகாசிக்குப் பக்கத்தில், பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். இங்கே பிரிஸ்பேனில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறேன். தொழில் கற்றது திருத்தங்கல்லில். அங்கே பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடித்தேன், இங்கே பீட்சாக் கடைக்கு மெனு அடிக்கிறேன். தமிழ்க்காரர்கள் கூடுகிற இடத்தில் யாராவது ஊர் எது என்று கேட்டு, நான் சிவகாசிப் பக்கம் என்று சொன்னால் உடனே ஒரு சிரிப்பு வரும். "அப்ப சாருக்குத் தீபாவளிச் செலவே கிடையாது, பட்டாசெல்லாம் வீட்லயே கிடைக்கும்." பத்து வருஷமாக இதே ஜோக். ஒவ்வொருத்தரும் தான்தான் முதலில் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். நான் சிரிப்பதில்லை. அதனால் எனக்குத் திமிர் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். மதுரைக்குத் தெற்கே பஸ்ஸில்கூடப் போகாதவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு பெட்டிக்கு மேலே ஒட்டின லேபிள், அவ்வளவுதான்.

என் மகள் காவ்யாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் கேவியா என்று கூப்பிடுகிறார்கள். இங்கிலீஷ் அவளுக்கு இந்த ஊர்க்காரர்கள் மாதிரியே மூக்கால் வருகிறது. தமிழோ, என் அக்கா பாண்டியம்மாளிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் கற்றுக்கொண்ட தமிழ். அதனால் இந்த ஊரில் பிரெட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டு "எம்புட்டுப்பா வைக்கட்டும்?" என்று கேட்கிற ஒரே பிள்ளை அவளாகத்தான் இருக்கும். அக்கா புதுப்பட்டியில் ஒரு கம்பெனியில் பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிறாள். என் அத்தைதான் பட்டாசு செய்கிறவள் என்று காவ்யா வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் அவள் பட்டாசைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. இந்த மாநிலத்தில் சாதாரண ஆள் ஓர் ஊசிவெடி வாங்கிக் கொளுத்த முடியாது, சட்டம். அதற்கென்று லைசென்ஸ் எடுத்த கம்பெனிக்காரர்கள்தான் வெடிக்கலாம்.

பிரிஸ்பேனுக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டி ஒரு தீம் பார்க் இருக்கிறது. குளிர்கால லீவில் சனிக்கிழமை இருட்டியதும் அங்கே ஏரிக்கு மேலே வாணவேடிக்கை உண்டு. போன வருஷம் கூட்டிப்போனேன். பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, இருட்டுகிற நேரத்தில் கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் பஸ் இருந்தது. பின்கண்ணாடி வழியாகத் தூரத்தில் ரெண்டு மூன்று வெளிச்சம் பார்த்தாள். அழவில்லை. மறுநாள் போனில், "அத்தை, அப்பா பொய் சொல்லிட்டாக" என்று மட்டும் சொன்னாள். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, ஊரு ஒலகம் பாக்கட்டும்னுதானலே நாங்க அங்கன உக்காந்து அடைக்கோம். எம் மருமவ பாக்கக் கூடாதோ?"

"அடுத்த வருசம் காட்டுதேன்."

"அவ காதுல விழுற மாதிரிச் சொல்லு."

சொன்னேன். அந்த வாக்குக்காகத்தான் இந்த வருஷம் போனது. வெடி முடிகிறவரை நின்று பார்க்க வேண்டும். இந்தத் தடவையும் ஓடிவந்தால் என் பிள்ளை இனி என் பேச்சை நம்பாது.

என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் சனிக்கிழமை ஷிப்ட். நானும் காவ்யாவும் ரயில் ஏறி, பஸ் மாறிப் போனோம். பிள்ளைகள் ஏறும் ரோலர் கோஸ்டர் வாசலில் கரடி பொம்மை ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கையைத் தொடும் உயரம் இருந்தால்தான் ஏற விடுவார்கள். போன வருஷம் அவள் தலைக்கும் கரடியின் கைக்கும் நாலு விரல் இடைவெளி. இந்த வருஷம் தலை இடித்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வரிசையில் நின்றோம். இந்த நாட்டில் வரிசையில் நிற்பது ஒரு சாமி காரியம். யாரும் பேசுவதில்லை, முட்டுவதில்லை, துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில்லை. ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தாலும் கோட்டைத் தாண்டிக் கால் வைப்பதில்லை. நான் நின்றபடியே வேறொரு பார்க்கை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்திருந்த ஒரு சமயம், அக்கா வேலை பார்த்த கம்பெனியில் பஸ் பிடித்து எல்லோரையும் டூர் கூட்டிப்போனார்கள். மதுரைப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த தண்ணீர்ப் பார்க். அக்காவும் மச்சானும் ஒரே கம்பெனி. அவர்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன். சறுக்கில் ஏற லுங்கி கூடாது என்று மச்சானுக்கு ஒரு நைலான் டிரவுசர் கொடுத்தார்கள். அவர் அதைப் போட்டுக்கொண்டு வெட்கப்பட்டு வேப்பமரத்தடியை விட்டு நகரவே இல்லை. பெண்கள் சேலையோடு தண்ணீரில் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் காவலாளி விசில் ஊதினான்.

"ஏம்மா, எல்லாரும் மேல ஏறுங்க. என்னது அது, உடம்புல பெயிண்டா? தண்ணி பூரா மினுங்குது."

அது பட்டாசுக்கு வெள்ளி நிறம் தரும் அலுமினியப் பவுடர். என்ன சோப்புப் போட்டாலும் தலைமுடியிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு போகாது.

அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே, "பெயிண்டு இல்ல அண்ணாச்சி, மருந்து. சந்தேகமா இருந்தா ஒரு தீப்பெட்டி கொண்டாங்க, உரசிப் பாத்துருவோம்" என்றாள்.

"தீப்பெட்டிக்கு எதுக்கு அவரத் தேடுத? எங்க ஆத்தா செஞ்சதுதான் அவரு பையில கிடக்கும்" என்றாள் இன்னொருத்தி.

அத்தனை பேரும் சிரித்தார்கள். அவன் ரெண்டு அடி பின்னால் போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுக்குப் பிடித்தவர்களை விரட்டுகிற மாதிரி அவன் விசில் ஊதியது எனக்குப் பொறுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். அக்கா கரைக்கு வந்து என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். "விடுலே. அவன் பொழப்பு அவனுக்கு. குளிச்சு முடிச்சுட்டுத்தான ஏறப்போறோம்."

அப்போது வெளியே ரோட்டில் ஒரு லாரி டயர் வெடித்தது. ஒரு நொடி. தண்ணீருக்குள் இருந்த பெண்கள் முழுக்கக் கரையேறிவிட்டார்கள். ஈரச்சேலையோடு காம்பவுண்டுச் சுவர் ஓரம் ஓடி, எக்கி எக்கி வானத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே கேள்வி: "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" காவலாளி விசிலைக் கீழே போட்டுவிட்டான். முதலில் சுதாரித்தது அக்காதான்.

"ஏட்டி, கம்பெனியே இங்கனதான நனைஞ்சுக்கிட்டு நிக்கி. அங்கன வெடிக்கதுக்கு ஆரு இருக்கா?"

அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு அக்கா மச்சான் பக்கத்தில் வேப்பமர நிழலில் படுத்துத் தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

இதையெல்லாம் நினைத்தபடி நான் கரடிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எங்களுக்கு முன்னால் ரெண்டு பிள்ளைகள்தான். அப்போது வெடித்தது. டயர் அல்ல, குப்பைத் தொட்டி அல்ல. நெஞ்சுக்குள் வந்து விழுகிற நிஜமான வெடி. அதற்குப் பிறகு நான் செய்தது எனக்குத் தெரிந்து செய்ததில்லை. காவ்யாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கயிற்றைத் தாண்டி, ஆட்களைத் தள்ளிக்கொண்டு, கூரை இல்லாத வெட்டவெளிக்கு ஓடினேன். பலகாரக் கடைகளுக்குப் பின்னால் கறுப்பாகப் புகை எழுந்தது. எதிரே பர்கரோடு ஒரு தடியான ஆள் வந்தான். அவன் கையைப் பிடித்து, "விச் சைடு? விச் சைடு?" என்று கேட்டேன்.

"தட் சைடு, மேட். ஸ்டன்ட் ஷோ. கார் பறக்கும். அடுத்த ஷோ மூணு மணிக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓட வேண்டாம், நிறைய சீட் இருக்கிறது" என்று தோளில் வேறு தட்டினான்.

திரும்பிப் போனோம். எங்கள் இடத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள். வாசலில் நின்ற பெண்ணிடம் நடந்ததைச் சொல்லப் பார்த்தேன். "ஆக்சிடென்ட் என்று நினைத்தேன்" என்றேன். அவள் காதில் ஆக்சிடென்ட் என்ற ஒரு சொல்தான் விழுந்திருக்கும்போல. வாக்கி டாக்கியில் பேசினாள். சிவப்புப் பையோடு ஒருவன் ஓடி வந்து, காவ்யாவின் முழங்காலைத் தடவி எங்கே வலிக்கிறது என்று கேட்டான். அவள் வலிக்கவில்லை என்றாள், ஆனால் அழுதுகொண்டே சொன்னாள். அவன் ஒரு கரடி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனான். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வரிசையின் கடைசியைக் காட்டினாள்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை.

"எல்லாரும் என்னையப் பாத்தாங்க."

"பாத்துட்டுப் போறாங்க."

"நீங்க ஏன்பா ஓடுனீக? ராத்திரி வெடிக்கும்போதும் இப்பிடித்தான் ஓடுவீக. போன வருசம் மாதிரி. வாங்க, இப்பவே வீட்டுக்குப் போயிருவோம்."

எங்கள் ஊரில் சத்தம் கேட்டதும் கேட்கிற கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எந்தப் பக்கம்? திசை தெரிந்ததும் எந்தக் கம்பெனி? கம்பெனி தெரிந்ததும் எந்த ரூம்? ஒவ்வொரு பதிலிலும் கொஞ்சம் பேர் மூச்சு விட்டு, பைக்கைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கடைசிக் கேள்விக்குப் பிறகும் ஓடுகிறவர்கள் சில பேர்தான். அந்த டூர் போன அடுத்த வருஷம் ஆடி மாசத்தில் நாங்கள் அப்படி ஓடினோம். நான் திருத்தங்கல்லில் மிஷினில் நின்றேன். மிஷின் இரைச்சலையும் மீறித் தரை அதிர்ந்தது. எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். வெள்ளைப் புகை குடை மாதிரி நின்றது. "புதுப்பட்டிப் பக்கம்லே" என்றான் ஒருத்தன். பாதி தூரத்தில் கம்பெனி பெயர் தெரிந்தது. கேட்டில் ரூம் தெரிந்தது. அன்று அக்கா வேலைக்குப் போகவில்லை. வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், சோப்பு நுரைக் கையோடு எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள். மச்சானை அடையாளம் சொன்னது அவள்தான்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில், அக்கா வேறு கம்பெனியில் அதே வேலைக்குப் போனாள். நான் வீடு அதிரக் கத்தினேன். தீப்பெட்டி ஒட்டு, பிரஸ்ஸில் பேப்பர் அடுக்கு, காரியாபட்டியில் சின்னம்மா வீட்டோடு இருந்து பருத்தி எடு, எதையாவது செய், அந்த மருந்தை மட்டும் தொடாதே என்றேன். அவள் முடியை அள்ளி முடிந்துகொண்டே சொன்னாள்: "வெளிய நின்னு எந்தப் பக்கம்னு கேக்குறதுக்கு, உள்ள இருந்துட்டுப் போறேம்லே. உள்ள இருக்கவ கேக்க வேண்டியதில்ல பாரு." நான்தான் வெளியே வந்தேன். எவ்வளவு வெளியே என்றால், அங்கே வெடித்தால் சத்தமே வராத தூரத்துக்கு. அக்காவின் செல்போனைக் காலையில் கம்பெனி கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் அவள் கைக்கு அது திரும்பி வரும்வரை கேட்கிறதுக்கும் ஆள் இல்லை, சொல்கிறதுக்கும் ஆள் இல்லை.

ஏழு வயதுப் பிள்ளையிடம் இதில் எதைச் சொல்வது? மச்சானைச் சொல்லவில்லை. "அங்கன பகல்ல பெரிய சத்தம் கேட்டா, வேலை செய்யிற இடத்துல யாருக்கோ அடிபட்டிருக்கும்னு அர்த்தம். அதான் எல்லாரும் ஓடுவோம். எனக்கு அந்தப் பழக்கம் போகலை" என்றேன்.

காவ்யா ஒரு சிப்ஸை எடுத்துப் பாதி கடித்தாள். "ராத்திரி கேட்டா?"

"ராத்திரி கேட்டா கல்யாணம், திருவிழா, தீபாவளி. ராத்திரியில கம்பெனி வேலை கிடையாது."

"அப்ப சரி" என்றாள். "இங்கயும் ராத்திரிதான வெடிக்கப் போறாங்க. பயப்படாதீக. நான் இருக்கேன்ல."

நான் தலையை ஆட்டினேன். அந்தக் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. நான் திருத்தவில்லை. மறுபடி வரிசையில் நின்று ரோலர் கோஸ்டர் ஏறினாள். இறங்கியதும் இன்னொரு தடவை ஏறினாள்.

குளிர்காலத்தில் இங்கே சீக்கிரம் இருட்டிவிடும். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. கூட்டம் முழுக்க எதிர்ப்பக்கம், ஏரியைப் பார்த்து உட்கார்ந்தது. காவ்யாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். முதல் வெடிக்கு என் கால் வாசல் பக்கம் திரும்பியது. அவள் குதிகாலால் என் நெஞ்சை ரெண்டு பக்கமும் அழுத்திக்கொண்டாள், குதிரையை அடக்குகிற மாதிரி. நின்றேன். பச்சை, சிவப்பு, அப்புறம் ஊதா. நான் லேபிளில் மட்டும் அச்சடித்த நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் வாயைப் பிளந்து 'ஓ' என்றது. அப்புறம் ஒன்று மேலே போய் வெடித்து, வெள்ளி வெள்ளியாக மரக்கிளை மாதிரி வளைந்து, மெதுவாக ஏரிக்குள் இறங்கியது. அந்த வெள்ளியை எனக்குத் தெரியும். என் அக்காவின் வகிட்டில் இருக்கிறது. அதை எங்கே செய்தார்கள், யார் கை அடைத்தது, தெரியாது. ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தி தலையை முடிந்துகொண்டு உட்கார்ந்து அடைத்திருப்பாள். இதைப் பார்க்க என் அக்கா இங்கே இருந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பட்டாசு செய்தவளுக்கு, இப்படி அண்ணாந்து நின்று வாயைப் பிளக்க ஒரு ராத்திரிகூட வாய்க்கவில்லை.

காவ்யா கை தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டாள். குனிந்து என் காதருகில் வந்தாள்.

"அப்பா, அத்தைக்கு இப்ப மணி என்ன?"

ஞாயிற்றுக்கிழமை போன் பேசிப் பேசி அவளுக்கு இது பழக்கம். நமக்குச் சாயங்காலம் என்றால் அத்தை மத்தியானச் சோறு சாப்பிடுகிற நேரம் என்று தெரியும்.

"மத்தியானம். சாப்பிட்டுட்டு மறுபடி உள்ள போயிருப்பாக."

"அப்ப அங்கன பகல்."

"பகல்தான் தாயி."

என் தலைமுடியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"எந்தப் பக்கம்பா?"

பிறந்ததிலிருந்து நான் கேட்டும் சொல்லியும் வந்த கேள்வி. என் பிள்ளை வாயில் வருமென்று நினைக்கவில்லை. சூரியன் இறங்கிய பக்கத்தை, எங்களுக்கு முதுகுப் பக்கம், கையை மடக்கிக் காட்டினேன். அவள் என் தோளில் உட்கார்ந்தபடியே இடுப்பைத் திருப்பினாள். ஆயிரம் பேர் ஏரியைப் பார்த்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே இருட்டை உற்றுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அங்கன ஒண்ணும் இல்லப்பா" என்றாள். "புகை இல்ல. நீங்க பாருங்க."

நான் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். எனக்கு முன்னால் வானம் இன்னும் பூத்துக்கொண்டிருந்தது. பின்னால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.